டர்போவுக்கு ஏறும் எண்ணெய், இறங்கும் எண்ணெய்

"டர்போ போயிடுச்சு சார்" என்று மெக்கானிக் சொன்னதும் கார் வைத்திருப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பணம்தான். கடன் வாங்கியாவது புது டர்போ மாட்டுவார்கள். சில வாரங்களில் திரும்பவும் அதே நீலப்புகை, அதே எண்ணெய்க் கசிவு. "டூப்ளிகேட் பொருளைத் தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். ஆனால் பல சமயம் டர்போ மேல் தப்பே இருக்காது. அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயிலோ, அதிலிருந்து எண்ணெயை இறக்கும் குழாயிலோதான் கோளாறு இருக்கும்.

செஞ்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன், வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய டீசல் கார் வாங்கினான். அவன் குடும்பத்துக்கு வருமானமே அதுதான். டர்போ ஒருமுறை மாற்றியாகிவிட்டது, மாற்றியதும் புகையத் தொடங்கிவிட்டது. மூன்றாவது டர்போவுக்குக் காசு தேட வேண்டுமா என்று கேட்டான். அந்த வண்டியைச் சாக்காக வைத்து நான் படித்ததையும், பட்டறையில் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்ததையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில், டர்போவுக்கு எண்ணெய் எதற்கு?

டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு முனையிலும் மாட்டிய இரண்டு விசிறிகள். ஒரு முனையை சைலன்சருக்குப் போகும் சூடான புகை சுழற்றும். அந்தச் சுழற்சியில் மறுமுனை விசிறி வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். 1905-லேயே சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூக்கி இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1962-ல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், செவ்ரோலெ கோர்வேர் என்ற இரண்டு அமெரிக்க கார்களில் டர்போ வந்தது. இன்று நம்மூர் டீசல் கார்களில் டர்போ இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சின்ன கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதாவது ஒரு நொடிக்கு மூவாயிரத்துக்கும் மேல். பெரும்பாலான கார் டர்போக்களில் பால் பேரிங் கிடையாது, வெறும் புஷ்தான். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறக்குறைய தலைமுடியின் தடிமன். அந்த இடைவெளியில் நிற்கும் எண்ணெய்ப் படலத்தின் மேல் தண்டு மிதந்துகொண்டு சுற்றுகிறது. இரும்பு இரும்பைத் தொடவே கூடாது. எண்ணெய் சில நொடி நின்றாலும் தொட்டுவிடும். அதோடு, டீசல் என்ஜினின் புகை 700, 800 டிகிரி வரை சூடாக இருக்கும். அந்தச் சூடு பேரிங்கை எரிக்காமல் வாரிக்கொண்டு போவதும் இதே எண்ணெய்தான்.

ஏறும் குழாய்

எண்ணெய் பம்ப் அழுத்தி அனுப்பும் எண்ணெயில் ஒரு கிளையை டர்போவின் தலைக்குக் கொண்டுபோவதுதான் ஃபீட் பைப். இது ஒல்லியாக இருக்கும். அழுத்தம் இருப்பதால் ஒல்லியாக இருந்தாலும் போதும். என்ஜின் சூடாகி ஓடும்போது 2 முதல் 4 பார் வரை அழுத்தம் கிடைக்கும்.

இதன் எதிரி கார்பன். குழாய் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மிகப் பக்கத்தில் போகிறது. வண்டியை விரட்டி வந்து சட்டென்று அணைத்தால், உள்ளே நின்றுபோன எண்ணெய் அந்தச் சூட்டில் கருகி, தோசைக்கல்லில் பிடித்த கருக்கு மாதிரி குழாயின் உள்சுவரில் ஒட்டும். சில என்ஜின்களில் குழாயை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டுக்குள் ஒரு மெல்லிய சல்லடையும் உண்டு. ஐரோப்பாவில் பியூஜோ, ஃபோர்டு கார்களில் வந்த 1.6 லிட்டர் டீசல் என்ஜின் இந்தச் சல்லடை அடைப்பால் டர்போ தின்பதற்குப் பேர்போனது. புது டர்போவைப் பழைய ஃபீட் பைப்பில் மாட்டுவது, அடைத்த குழாயில் புது மோட்டார் வைப்பது போலத்தான். டர்போ மாற்றினால் ஃபீட் பைப்பும் புதிதாகப் போடுவதே நல்லது. டர்போ விலையோடு பார்த்தால் அதன் விலை சின்னது.

கடைகளில் கிட் வாங்கி மாட்டுபவர்கள் கவனிக்க ஒன்று. பால் பேரிங் வைத்த டர்போவுக்கு எண்ணெய் குறைவாகப் போதும். அதற்கு ஃபீட் வழியில் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வைப்பார்கள். புஷ் வைத்த சாதா டர்போவுக்குப் பொதுவாக அது தேவையில்லை. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று எண்ணெயில் மூழ்கும், இன்னொன்று காயும்.

இறங்கும் குழாய்

டர்போவின் அடியிலிருந்து எண்ணெயை என்ஜின் சம்புக்குத் திருப்பி அனுப்புவது ரிட்டர்ன் பைப். யாரும் கண்டுகொள்ளாத குழாய் இது. இதை விளக்க செஞ்சிக்கோட்டையே போதும்.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்த 12 கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மஹால் என்ற அடுக்குமாடக் கட்டடம் இருக்கிறது. உயரத்தில் இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியே அதன் மேல்மாடி வரை தண்ணீரை ஏற்றியிருக்கிறார்கள். மூலம் உயரத்தில் இருந்தால் ஒல்லிக் குழாயிலும் தண்ணீர் வளைந்து நெளிந்து ஏறிவிடும். பின்னால் இருந்து தள்ள ஆள் இருக்கிறது. ஆனால் மாடியில் கொட்டிய தண்ணீரை வெளியேற்றும்போது அந்தத் தள்ளல் கிடையாது. வாட்டம் கொடுத்து, அகலமாக, வழியில் மேடு இல்லாமல் விட்டால்தான் போகும். மொட்டை மாடி போட்ட எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

டர்போவிலும் அப்படியே. கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். ஃபீட் பைப்பின் 3 பார் அழுத்தம் என்பது 30 மீட்டர் உயரத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டி தரும் அழுத்தத்துக்குச் சமம். டர்போவிலிருந்து ரிட்டர்ன் பைப் சம்பில் சேரும் இடம் வரை உயர வித்தியாசம் ஒரு அடி என்று வையுங்கள். அந்த ஒரு அடி எண்ணெய் தரும் அழுத்தம் சுமார் 0.026 பார். உள்ளே வரும்போது இருந்த பலத்தில் நூறில் ஒரு பங்குகூட வெளியே போகும்போது இல்லை! போதாக்குறைக்கு, வேகமாகச் சுற்றும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடுகிறது. ஆற்றிய டீ மாதிரி நுரைத்த எண்ணெய் அதிக இடம் பிடிக்கும், மெதுவாக இறங்கும்.

அதனால்தான் ரிட்டர்ன் பைப்புக்கு இத்தனை விதிகள்:

உள்விட்டம் டர்போவின் அடித்துளையைவிட எங்கேயும் குறையக்கூடாது. பொதுவாக 12 முதல் 19 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

டர்போவை மாட்டும்போது அதன் எண்ணெய்த் துளை நேர் கீழே பார்க்க வேண்டும். செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது.

குழாய் முழுக்கக் கீழ்நோக்கியே போக வேண்டும். நடுவில் தொங்கி மேலே ஏறினால் அந்தப் பள்ளத்தில் எண்ணெய் தேங்கும்.

சம்பில் சேரும் இடம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி எண்ணெய் ஊற்றுவது இதனாலும் தப்பு. மட்டம் உயர்ந்து வாயை மூடிவிடும்.

டர்போ சம்புக்குக் கீழே அமைந்தால் தனியாக ஒரு உறிஞ்சும் பம்ப் தேவை. வேறு வழியில்லை.

ரேடியேட்டருக்குப் போடும் சாதா ரப்பர் ஹோஸை இங்கே மாட்டவே கூடாது. எண்ணெயில் ஊறி உப்பி, உள்பக்கம் உரிந்து வழியை அடைக்கும். சூடான மேனிஃபோல்டு மேல் கசிந்தால் தீப்பிடிக்கும்.

சீல் போகாமலே எண்ணெய் கசிவது எப்படி?

மெக்கானிக்குகள் "சீல் போச்சு" என்பார்கள். டர்போவில் பெரும்பாலும் ரப்பர் சீல் இருக்காது. பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன இரும்பு வளையம்தான். உள்ளே எண்ணெய் தேங்காமல் இருக்கும்வரை, வெளியே இருக்கும் காற்றழுத்தத்தின் துணையோடு அது வேலை செய்யும். ரிட்டர்ன் அடைத்து உள்ளறை நிரம்பினால், நல்ல வளையமாக இருந்தாலும் எண்ணெய் அதைத் தாண்டும். ஒரு பக்கம் சைலன்சரில் நீலப்புகை, இன்னொரு பக்கம் இன்டர்கூலர் பைப்பில் எண்ணெய்.

ரிட்டர்ன் பைப்பே சுத்தமாக இருந்தும் இது நடக்கலாம். தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகவும் காற்று என்ஜின் அடியறைக்குள் இறங்கும். அதை வெளியே விடுவது பிரீதர் ஹோஸ். அது அடைத்தால் அடியறையில் அழுத்தம் கூடும். எண்ணெய் இறங்க நமக்குக் கையிருப்பு வெறும் 0.026 பார்தான் என்று பார்த்தோம். கீழே அந்த அளவு எதிரழுத்தம் வந்தாலே போதும், எண்ணெய் நின்றுவிடும். டர்போவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ரப்பர் ஹோஸ் டர்போவைக் கொன்றுவிட்டதாகத் தெரியும்.

செஞ்சி வண்டியில் இரண்டுமே இருந்தது. ரிட்டர்ன் பைப்பின் வளைவில் கருக்கு படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. பிரீதரில் கெட்டியான கசடு. டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார் மெக்கானிக். ஆட்டம் இல்லை. "டர்போ நல்லாருக்குண்ணே, பைப்ப மாத்துவோம்" என்றார். பைப், பிரீதர், எண்ணெய், ஃபில்டர் மாற்றியதோடு முடிந்தது. இன்டர்கூலரில் தேங்கியிருந்த எண்ணெய் எரிந்து தீரும்வரை கொஞ்ச நாள் புகைந்தது, பிறகு நின்றது.

மாட்டும்போது

புது டர்போ மாட்டினால் வரிசை முக்கியம். பழைய எண்ணெயை வடித்து, ஃபில்டரோடு மாற்ற வேண்டும். இரண்டு முனையிலும் புது வாஷர், புது கேஸ்கெட். கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கான் பசை தடவக்கூடாது. பிதுங்கி உதிரும் துணுக்கு நேராகத் துளையில் போய் உட்காரும். ஃபீட் பைப்பை மாட்டும் முன் டர்போவின் மேல்துளையில் சுத்தமான எண்ணெய் ஊற்றி, தண்டைக் கையால் சுற்ற வேண்டும். பிறகு இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் அடித்து, எண்ணெய் அழுத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகும் சில நிமிடம் ஐட்லிங்கிலேயே விட வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்து "சவுண்டு" கேட்கும் ஆசையை அடக்கிக்கொள்ளவும்.

டர்போ இல்லாத வண்டிக்குப் புதிதாக வைக்க நினைப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை போடுகிறது. ஸ்பானரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

ஏன் இதைத் தள்ளிப்போடக்கூடாது?

டீசல் என்ஜினில் கசிந்த எண்ணெய் காற்றுக்குழாய் வழியே சிலிண்டருக்குள் போனால், என்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாக்கி ஓடத் தொடங்கிவிடலாம். சாவியை அணைத்தாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போய் என்ஜின் உடையும். கியர் வண்டியில் அப்படி ஆனால், பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, ஹேண்ட்பிரேக்கும் போட்டு, மேல் கியரில் தட்டி, கிளட்சை விட்டு என்ஜினை அமுக்கி நிறுத்தப் பார்க்க வேண்டும். அது முடியாவிட்டால் எல்லாரையும் இறக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பானெட்டுக்குள் தலையை விடாதீர்கள்.

அந்த நிலைக்கு முன்பே வண்டி சொல்லிவிடும். ஐட்லிங்கில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது நீலப்புகை, டிப்ஸ்டிக்கில் மட்டம் குறைவது, இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய் ஈரம். டர்போ என்ன விலை என்று கேட்பதற்கு முன், ரிட்டர்ன் பைப்பையும் பிரீதரையும் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். என் தம்பி இப்போது திண்டிவனம் சவாரி போய்வந்தால், வந்தவர் பையை இறக்கிக் காசு எண்ணிக் கொடுக்கும்வரை என்ஜினை அணைப்பதில்லை.