நடந்தால் கால் வலி, நின்றால் சரியாகிறதா? கால் ரத்தக்குழாய் அடைப்பும் பலூன் சிகிச்சையும்

"கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது; அஞ்சு நிமிஷம் நின்னா சரியாயிடுது." வீட்டில் பெரியவர்கள் இப்படிச் சொன்னால், 'வயசாயிடுச்சு, வாயுப் பிடிப்பா இருக்கும்' என்று தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிடுவது வழக்கம். ஆனால், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு இருப்பதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

காலில் ஏன் அடைப்பு வருகிறது?

மாரடைப்புக்குக் காரணமான அதே கொழுப்புப் படிவுதான் இங்கேயும் வில்லன். நடக்கும்போது தசைக்கு அதிக ரத்தம் தேவை. குறுகிப்போன குழாயால் அதைக் கொடுக்க முடியாததால் வலிக்கிறது. நின்றால் தேவை குறைகிறது, வலியும் போய்விடுகிறது. புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் முக்கியக் காரணங்கள். சுகர் இருப்பவர்களுக்கு நரம்பு பாதிப்பால் வலியே தெரியாமல் போகலாம். ஆறாத புண்தான் முதல் அறிகுறியாக இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கணுக்காலில் எடுக்கும் பிபி அளவை, கையில் எடுக்கும் அளவால் வகுக்க வேண்டும். விடை 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். சுகர் நோயாளிகளுக்குக் குழாயில் கால்சியம் படிந்து விறைத்துவிடுவதால், இந்த அளவு நார்மல் போலக் காட்டி ஏமாற்றலாம். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள். அடைப்பு எங்கே என்பதை டாப்ளர் ஸ்கேனும் சி.டி. ஆஞ்சியோகிராமும் காட்டிவிடும்.

பலூன் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

இந்தச் சிகிச்சை முதலில் வந்தது இதயத்துக்கு அல்ல, காலுக்குத்தான். 1964-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில், காலை எடுக்க மறுத்த 82 வதுப் பெண்ணுக்குத் தொடைத் தமனியின் குறுகிய பகுதியை மெல்லிய குழாய்களால் விரித்தார் டாக்டர் சார்லஸ் டாட்டர். கால் தப்பியது. 1974-ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூனைக் கொண்டுவந்தார்.

இன்றும் அடிப்படை அதேதான். தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளை வழியே மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்துவார்கள். அதன்மீது பலூனை நகர்த்தி, அடைப்புள்ள இடத்தில் விரிப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பார்கள். மீண்டும் சுருங்குவதைக் குறைக்க மருந்து தடவிய பலூனும் உண்டு. பலரும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடலாம்.

அடைப்பு இருந்தாலே பலூன் வேண்டுமா?

வேண்டாம். நடக்கும்போது மட்டும் வலி என்றால், சிகரெட்டை விடுவது, கொலஸ்ட்ரால் மற்றும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், நடைப்பயிற்சி ஆகியவைதான் முதலில். டாக்டர் ஆலோசனையோடு வாரம் 3 நாள், 30 முதல் 45 நிமிடம் வாக்கிங்: வலிக்கும் வரை நட, நில், மறுபடி நட. 12 வாரத்தில் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும். படுத்திருக்கும்போதும் பாத வலி, ஆறாத புண், விரல் கறுப்பது என்றால் தள்ளிப்போடக் கூடாது.

பலூனுக்கும் குறைகள் உண்டு. குறிப்பாக முழங்காலுக்குக் கீழே குழாய் மறுபடி சுருங்கலாம். ஆஞ்சியோகிராம் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முற்றிய அடைப்பில், காலில் நல்ல சிரை இருப்பவர்களுக்கு அதைக் கொண்டு செய்யும் பைபாஸ் ஆபரேஷனே மேலான பலன் தந்ததாக 2022-ல் வெளியான 'பெஸ்ட்-சிஎல்ஐ' ஆய்வு காட்டியது.

எப்போது ஓட வேண்டும்?

திடீரென ஒரு கால் கடுமையாக வலித்து, சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் அது எமர்ஜென்சி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் கால் கைவிட்டுப் போகலாம்.

ஆறாத புண்ணுக்காகக் 'காலை எடுக்கணும்' என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ரத்த ஓட்டப் பரிசோதனை செய்தாச்சா? வாஸ்குலர் சர்ஜன் பார்த்தாரா? கிருமித் தொற்று உயிருக்கே ஆபத்தாகிவிட்ட நிலையில் அவகாசம் இருக்காது. மற்றபடி, அடைப்பை நீக்கினால் கால் பிழைக்குமா என்று பார்த்த பிறகுதான் அந்த முடிவு வர வேண்டும்.