ஆறு பிளாச்சுத் தூண்டில்

தூண்டில் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? வேலியில் ஒடித்த ஒரு கழி, ஐந்தாறு முழம் நரம்பு, ஒரு முள், மயில் இறகுத் தண்டில் ஒரு தக்கை, கொட்டாங்கச்சியில் நாலு மண்புழு. குளக்கரைப் பையனுக்கு இது போதும். கழி ஒடிந்தால் அழுவானேன்? வேலி இருக்கிறது, இன்னொரு கழி இருக்கிறது.

இங்கிலாந்தில் சங்கதி வேறு. அங்கே ஆலைத் தொழிலாளி ஒருவன் வாராவாரம் மிச்சம் பிடித்து ஒரு தூண்டில் கோல் வாங்குவான். வாழ்நாள் முழுவதும் அதை வைத்துக் காப்பாற்றி, மகனுக்கு விட்டுப் போவான். அப்படி வந்த கோல்கள் இன்றும் அந்நாட்டுப் பரண்களில் துணி உறைக்குள் கிடக்கின்றன. மூங்கில் அநேகமாக நன்றாகவே இருக்கிறது. அதற்கு வைத்தியம் பார்த்து வந்த கடைதான் தெருவிலிருந்து போய்விட்டது.

கல்கத்தா மூங்கில்

இந்தக் கோலை ஆங்கிலேயர் ‘கேன்’ என்பார்கள். அகராதியைப் புரட்டிப் பிரம்பு என்று எண்ணிவிடக் கூடாது. இது அசல் மூங்கில். அதிலும் முதலில் போனது நம் நாட்டு மூங்கில். கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறியதால் அதற்குக் ‘கல்கத்தா கேன்’ என்றே பெயர். ஆண் மூங்கில் என்று வெள்ளைக்காரர் அழைத்த கெட்டி மூங்கில் அது. நம் ஊர்ப் போலீஸ்காரர் கையில் லத்தியாக இருந்ததும் அந்த ஜாதிதான். அங்கே மீனுக்கு, இங்கே முதுகுக்கு!

அதற்கு முன் கோல்கள் மரத்தால் ஆனவை. தென் அமெரிக்காவில் கயானா காட்டிலிருந்து வந்த ‘கிரீன்ஹார்ட்’ என்ற மரம் பலமானதுதான். ஆனால் கனம் அதிகம். முன்னறிவிப்பே இல்லாமல் திடீரென்று முறிந்து போகும் குணமும் அதற்கு உண்டு.

மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோலாக்கும் வித்தையை அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் நகரில் சாமுவேல் பிலிப்பி என்பவர் 1840-களில் செய்து காட்டினார். அவருடைய தொழில் துப்பாக்கி செய்வது. பிடில் வாத்தியமும் செய்வார். இங்கிலாந்தின் வடகோடியில் ஆனிக் என்ற ஊரில் 1872-ல் கடை திறந்த வில்லியம் ஹார்டியும் துப்பாக்கித் தொழிலாளிதான். அவரும் அவர் தம்பியும் வளர்த்த ‘ஹார்டி சகோதரர்’ கம்பெனியின் பெயர் பிற்பாடு மீன்பிடிப்போர் உலகம் முழுவதும் பரவியது. லண்டன் பால்மால் வீதியிலேயே அவர்களுக்குக் கடை இருந்தது. தங்கள் மூங்கில் கோல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பலகோனா’. தமிழர் காதில் அது ‘பல கோணம்’ என்றே விழும். கோலை அறுத்துப் பார்த்தால் ஆறு கோணம் இருக்கத்தான் செய்கிறது.

பிறகு கல்கத்தா மூங்கிலைப் பின்னுக்குத் தள்ளிக் கொண்டு ‘டோங்கின்’ மூங்கில் வந்தது. டோங்கின் என்பது வட வியட்நாம். மூங்கிலோ அங்கே விளைந்ததல்ல. தென் சீனாவில் குவாங்டுங் மாகாணத்தில், ஒரு சிறு ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைச் சரிவுகளில் விளைவது. அமெரிக்கத் தாவர நிபுணர் மெக்லூர் 1931-ல் அதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியபோது ‘அமாபிலிஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தார். லத்தீனில் அதற்கு ‘அழகியது’ என்று பொருள்.

அந்த அழகியை என்ன பாடு படுத்துகிறார்கள், பாருங்கள்! பன்னிரண்டடிக் கழியை முதலில் பிளாச்சுகளாகப் பிளக்கிறார்கள். கணுக்களை அனலில் வாட்டி நிமிர்த்துகிறார்கள். எஃகு அச்சின் பள்ளத்தில் வைத்து, ஒவ்வொரு பிளாச்சும் முக்கோணமாகும் வரை இழைக்கிறார்கள். ஒவ்வொரு முனையும் 60 பாகை. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒன்றிரண்டு கூறு பிசகினாலும் தச்சன் முகம் சுளிப்பான். மூங்கிலின் வலு எல்லாம் வெளித் தோலை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. ஆகையால் உளி உட்புறத்தைத்தான் தொடும். தோலின் நாரைத் தொடாது. ஆறு முக்கோணங்களையும் தோல் வெளியே இருக்கும்படி சேர்த்து ஒட்டி, நூலால் இறுகச் சுற்றிக் காய வைத்தால் அறுகோணக் கோல் தயார். அடி பருத்து நுனி ஊசியாகச் சிறுக்கும். மேலே பட்டு நூல் கட்டு, வளையங்கள், வார்னிஷ், கைப்பிடிக்குத் தக்கைப் பட்டை.

வளைத்தால் வில், விட்டால் அம்பு. மீன் இழுக்கிற இழுப்பு உள்ளங்கை வரைக்கும் வந்து பேசும் என்பார்கள், பிடித்துப் பழகியவர்கள்.

மணி அடிக்கும் கதவு

ஹார்டி கோல் கனவான்களுக்கு. சாமான்யனுக்கு ரெட்டிச் நகரத்துச் சரக்கு. ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன ஊர் அது; ஆல்காக், மில்வர்ட் போன்ற கம்பெனிகள் அங்கே இருந்தன. அந்தச் சரக்கு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த இடம்தான் தூண்டில் கடை.

சின்னக் கடை. கதவைத் தள்ளினால் தலைக்கு மேல் மணி அடிக்கும். உள்ளே வார்னிஷ் வாசனை, ரப்பர் பூட்ஸ் வாசனை. இரண்டையும் மீறிக் கொண்டு புழு நாற்றம். ஈயின் புழுக்களை மரத்தூளில் போட்டு, படியால் அளப்பது போல் பைண்ட் கணக்கில் அளந்து கொடுப்பார்கள். சிவப்பு, மஞ்சள் என்று சாயம் ஏற்றிய புழுவும் உண்டு. வாங்கிப் போனவன் வீட்டில் மறந்து வைத்துவிட்டால் புழுவெல்லாம் ஈயாகிப் பறக்கும். அப்புறம் அவன் மனைவி என்ன சொல்வாள் என்று எழுத வேண்டியதில்லை.

கடைக்காரர் வெறும் வியாபாரி அல்ல. மீன்பிடி சங்கத்தின் அனுமதிச் சீட்டு அவரிடம்தான் கிடைக்கும். எந்த மடுவில் எந்த மீன் கடிக்கிறது என்ற செய்தியும் அவரிடம்தான். சனிக்கிழமை பத்துக் காசு முள் வாங்க வந்த பையன் அரை மணி நேரம் நின்று பெரியவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவான்.

ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். சால்மன், டிரவுட் வகைகளுக்கு வேறு கணக்கு. அந்த மூன்று மாதம்தான் கோல்களுக்கு ஆஸ்பத்திரிக் காலம். அறுந்த பட்டுக் கட்டு, தேய்ந்த வளையம், ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட நுனி என்று ஒவ்வொன்றும் வந்து சேரும். கடைக்காரர் கண்ணோரம் கோலைப் பிடித்துப் பார்ப்பார். “சுவரில் சாத்தி வைத்தாயா? தொங்கவிட வேண்டும் அப்பா!” என்று கடிந்து கொள்வார். ஈரத்தோடு உறையில் போடாதே என்பார். இரண்டு துண்டுகள் சேரும் பித்தளைப் பூண் இறுகிக் கொள்ளாமல் இருக்க, செருகுமுன் மூக்கின் ஓரத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொள்ளச் சொல்வார். அந்த எண்ணெய்ப் பசை போதுமாம்! இந்த யோசனைகளுக்குக் கட்டணம் கிடையாது.

ஒரு மீன், ஒரு குட்டை

1952 செப்டம்பர் 13-ந் தேதி ஹியர்போர்டுஷயரில் உள்ள ரெட்மயர் குட்டையில் ரிச்சர்ட் வாக்கர் என்ற எஞ்சினீயர் 44 பவுண்டு கெண்டை ஒன்றைப் பிடித்தார். சுமார் 20 கிலோ. பிடித்த கோல் அவரே வீட்டில் இழைத்து ஒட்டிய பத்தடி மூங்கில். மீனைக் குழம்பு வைத்தார்களா என்று கேட்காதீர்கள். அது லண்டன் மிருகக் காட்சிசாலைக்குப் போய், 1971 வரை தொட்டியில் ராஜபோகமாக வாழ்ந்தது. வாக்கரின் ‘மார்க் நாலு’ கோலை ஈலிங் நகரத்து ஜேம்ஸ் கம்பெனி செய்து விற்றது. அப்புறம் கேட்பானேன்! வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்கள் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள்.

ஆனால் அதற்குள் கண்ணாடி நார்க் கோல் வந்துவிட்டது. சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா 1950-ல் தடை போட்டதால் அங்கே டோங்கின் மூங்கில் வரத்தும் நின்றது. கண்ணாடி நாருக்கு ஈரம் கிடையாது, கோணல் கிடையாது, விலையும் மலிவு. 1970-களில் கார்பன் நார் வந்து அதையும் ஓரம் கட்டியது. ஆனாலும் 1980 ஜூன் 16 அன்று அதே ரெட்மயர் குட்டையில் கிறிஸ் யேட்ஸ் என்பவர் 51½ பவுண்டு கெண்டையைக் கரை சேர்த்தது பழைய மூங்கில் கோலால்தான்!

புதுக் கோல்களுக்குப் பட்டுக் கட்டு வைத்தியம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஒடிந்தால் தூக்கி எறிந்து வேறு வாங்கினார்கள். அதையும் தபாலில் வாங்கினார்கள், பின்னர் கம்ப்யூட்டரில் வாங்கினார்கள். மணி அடிக்கும் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின.

இன்று ஹார்டி கோல் என்றால் ஏலத்தில் போட்டி உண்டு. தொழிலாளி வாங்கிய சாதாரணக் கோலுக்குத்தான் திண்டாட்டம். பழைய வஜ்ஜிரப் பசை விட்டுப் போயிருக்கும். அதைச் செப்பனிடும் கூலி கோலின் விலையையே தாண்டும். ஆகையால் பேரன் அதை உறையிலிருந்து எடுக்கிறான், ஆட்டிப் பார்க்கிறான், திரும்பப் பரணில் வைக்கிறான்.

இருந்தாலும் மூங்கில் இழைக்கும் கைகள் அங்கே அடியோடு ஓய்ந்துவிடவில்லை. சிலர் புதிதாகவும் செய்கிறார்கள், பழையதையும் எடுத்துக் கட்டுகிறார்கள். அவர்களிடம் வரும் கோல்களில் ஒரு விசேஷம் காணலாம். கைப்பிடிக்குச் சற்று மேலே, வார்னிஷுக்கு அடியில், கோலை விற்ற கடையின் பெயரும் ஊரும் சின்ன எழுத்தில் இருக்கும். கோல் ரெட்டிச்சில் செய்ததாக இருந்தாலும் பெயர் உள்ளூர்க் கடையுடையது. பழைய வார்னிஷை நுனி வரை சுரண்டி எடுக்கும் அவர்கள், அந்த ஓர் அங்குல இடத்தில் மட்டும் கத்தியை வைப்பதில்லை.