டிராம்போலின் பார்க்கும் மூன்று வயதுக் குழந்தையும்

டிராம்போலினில் குழந்தைக்கு அடிபடும் என்றதும் நம் மனதில் வருவது ஒரே காட்சிதான். குழந்தை எகிறிப் போய் வெளியே விழுகிறது. அதற்காகத்தான் சுற்றிலும் வலை, ஸ்பிரிங்குகளின் மேல் தடித்த மெத்தை உறை, வழுக்காத சாக்ஸ் எல்லாம். இதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு முக்கியமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தை விழவே வேண்டாம். பாயின் நடுவில், சிரித்துக்கொண்டே, காலூன்றி இறங்கும்போதே எலும்பு விரிசல் விடலாம். காரணம், அதே பாயில் கூடக் குதிக்கும் அப்பா. இல்லையென்றால் அண்ணன், மாமா, யாரோ கனமான ஒருவர்.

சமீபத்தில் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரை நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு, ஒரு உள்ளரங்க டிராம்போலின் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். மூத்தவனுக்கு 11 வயது, கடைக்குட்டிக்கு 3. ‘ஒரு பாயில் ஒருவர் மட்டும்’ என்று பெரிதாகப் பலகை வைத்திருந்தார்கள். அதை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை. பாய்க்கு ஒரு அப்பா, அவர் கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை. என் மச்சினனும் இறங்கப் போனான். “பிள்ளை தனியா குதிச்சா பயப்படும் மச்சான், நான் கையைப் பிடிச்சுக்கிடுதேன்.” வேண்டாம், வெளியே நில்லு என்றேன். “அப்பிடி என்ன கணக்கு?” என்றான். காரில் திரும்பி வரும்போது அவனுக்குச் சொன்ன கணக்குதான் இது. கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் ஊரில் பிள்ளைகள் குதிக்காத இடமா? வைக்கோல் படப்பில் இருந்து குதிப்பார்கள். அனந்தனார் கால்வாயில் தண்ணீர் வந்தால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இருந்து குதிப்பார்கள். வைக்கோலும் தண்ணீரும் கடற்கரை மணலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். விழுகிறவனின் ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்ளும், திருப்பித் தராது. டிராம்போலின் அப்படியில்லை. வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். அதுதான் அதன் வேலையே. பாயில் ஒருவர் மட்டும் இருக்கும்வரை வம்பில்லை. அவர் போட்டது அவருக்கே திரும்பி வரும். இரண்டு பேர் இருக்கும்போதுதான் சிக்கல். ஒருவர் போட்டதை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடும்.

அப்பா 75 கிலோ, குழந்தை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்பா வெறும் அரை மீட்டர் உயரத்தில் இருந்து பாயில் இறங்குகிறார். பாய் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் சுமார் 370 ஜூல். இது முழுவதும் குழந்தைக்குப் போனால் அது இரண்டரை மீட்டர் எகிறும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு, ஆகவே உயரம் ஐந்து மடங்கு. முழுவதும் போகாதுதான். பத்தில் ஒரு பங்கு போனாலே கால் மீட்டர் கூடுதல். மூன்று வயதுக் குழந்தை தன் பலத்தில் எழும்புவதே அவ்வளவுதான் இருக்கும். குழந்தை திடீரென்று எம்பிப் பறந்து கீக்கீ என்று சிரிப்பது இதனால்தான். அதற்காகவே அப்பாக்கள் மறுபடி மறுபடி செய்கிறார்கள்.

எகிறுவதைவிட மோசமானது இறங்குவது. குழந்தை 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து கீழே வருகிறது. பாயைத் தொடும்போது வேகம் நொடிக்கு சுமார் 2.4 மீட்டர். அதே கணத்தில் அப்பாவின் அழுத்தம் விலகி பாய் மேலே வந்துகொண்டிருக்கிறது. அரை மீட்டரில் இருந்து இறங்கியவரைத் திருப்பி அதே உயரத்துக்கு அனுப்பவேண்டிய பாய், நொடிக்கு 3 மீட்டர் அளவு வேகத்தில் எழும். இரண்டையும் கூட்டினால் 5.4. அந்த வேகத்தில் தரையில் மோத வேண்டுமானால் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து விழவேண்டும். ஆக, ஒரு அடி உயரத்துக்குக் குதித்த குழந்தையின் கால், ஐந்து அடி உயரத்தில் இருந்து விழுந்த அடியை வாங்குகிறது. தோராயக் கணக்குதான் இது. குழந்தை நிற்கும் இடத்தில் பாய் கொஞ்சம் மெதுவாக எழும், பாய்க்கும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் சின்னக் காலுக்கு அது அதிகம்.

இதே பாய் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது குழந்தை வந்து விழுந்தால் பஞ்சில் விழுந்த மாதிரி இருக்கும். எல்லாம் நேரக்கணக்கு. அதனால்தான் இருபது தடவை ஒன்றும் ஆகாது, இருபத்தோராவது தடவை ஆகும். ‘நாங்க எத்தனை தடவை போயிருக்கோம், ஒண்ணும் ஆகலையே’ என்று சொல்வதில் எந்தத் தகவலும் இல்லை.

அடி எங்கே இறங்குகிறது என்பதும் மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல்முனை. குழந்தையின் எலும்பு அந்த இடத்தில் மென்மையானது, பச்சைக் கம்பு மாதிரி. இரண்டாக முறியாது, ஒரு பக்கம் நசுங்கி மடங்கும், அல்லது மயிரிழை விரிசல் விடும். இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இது அடிக்கடி வருவதால் இதற்கு ‘டிராம்போலின் முறிவு’ என்றே பெயர். கதை எப்போதும் ஒன்றுதான்: கூட ஒரு கனமான ஆள் குதித்திருப்பார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. டிராம்போலின் காயங்களில் சுமார் முக்கால் பங்கு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே பாயில் இருந்தபோது நடந்தவை. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் காயங்களில் 48 சதவீதம் எலும்பு முறிவு அல்லது மூட்டு விலகல். 6 முதல் 17 வயதில் அது 29 சதவீதம். ஆறு வயதுக்குக் கீழே டிராம்போலினே வேண்டாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. பார்க் நடத்துகிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள், சின்னக் குழந்தைகளுக்குத் தனி மூலை ஒதுக்கி டிக்கெட் கொடுப்பார்கள்.

கொஞ்சம் வரலாறு. டிராம்போலினைக் கண்டுபிடித்த ஜார்ஜ் நிஸன் அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக்காரர். 1930 வாக்கில், பதினாறு வயதில் சர்க்கஸ் பார்க்கப் போனார். பார் விளையாடுகிறவர்கள் கடைசியில் வலையில் விழுந்து துள்ளி எழுவார்களே, ஜெமினி சர்க்கஸில் நாமும் பார்த்ததுதான். துள்ளிக்கொண்டே இருந்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து முப்பதுகளின் நடுவில் முதல் டிராம்போலினைச் செய்தார். டைவிங் பலகைக்கான ஸ்பானியச் சொல்லில் இருந்து பெயர் வந்தது. விளம்பரத்துக்காக 1960-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு கங்காருவோடு அவர் குதிக்கும் படம் மிகப் பிரபலம்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் தரையில் குழி வெட்டி, மேலே டிராம்போலின் கட்டி, அரை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் கடைகள் புற்றீசல் மாதிரிக் கிளம்பின. காயங்கள், வழக்குகள் என்று சீக்கிரமே மூடப்பட்டன. இன்றைய பார்க்குகள் அந்தத் தொழிலின் இரண்டாம் பிறவி. 2004-ல் லாஸ் வேகஸில் தொடங்கிய ஸ்கை ஸோன்தான் முன்னோடி. அதுகூட டிராம்போலின் மேல் ஆடும் புது விளையாட்டு ஒன்றுக்காகக் கட்டிய அரங்கம்தான். அக்கம்பக்கத்துப் பையன்கள் ‘நாங்களும் குதிக்கலாமா’ என்று கேட்டு வந்த பிறகுதான் அது பொழுதுபோக்கு ஆனது. இப்போது இந்த பார்க்குகளுக்கென்றே 2022-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 23659 என்ற பாதுகாப்புத் தரம் இருக்கிறது. உங்கள் ஊர் பார்க் எதைப் பின்பற்றுகிறது என்று கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். பதிலைவிட அவர் முகம் அதிகம் சொல்லும்.

நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் இடுப்பில் ரப்பர் கயிறு கட்டிக் குழந்தையை மேலே எம்பவிடும் சின்ன டிராம்போலின் உண்டு. பார்க்கப் பயமாக இருக்கும். கயிறு, கொக்கி, கம்பி பற்றி நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது பார்க்கைவிட மேல்: ஒரு பாயில் ஒரு குழந்தைதான் இருக்கமுடியும். காற்றடைத்த பலூன் வீடு அதற்கு நேர் எதிர். மெத்தென்று இருப்பதால் மூன்று வயதையும் பன்னிரண்டு வயதையும் ஒன்றாக உள்ளே விட்டுவிடுவார்கள்.

சரி, போகவே கூடாதா? ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு என்றே நினைக்கிறேன், ஆளுக்கொரு பாய், குட்டிக்கரணம் கிடையாது என்று கறாராக இருந்தால். கழுத்தில் அடிபடுவது பெரும்பாலும் குட்டிக்கரணத்தில்தான். ஸ்பாஞ்சுக் குழியில் தலைகீழாகப் பாய்வதும் அதே வகை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள். வார நாளில் காலையில் போனால் பாய்கள் காலியாக இருக்கும், பெரிய பையன்கள் இருக்கமாட்டார்கள். கடைக்குட்டிக்கு ஆசையாக இருந்தால், அதே எடையுள்ள இன்னொரு குழந்தைகூட ஏறாத பாயாகப் பார்த்துத் தனியாக நடக்கவிடுங்கள். நடந்தாலே அதற்குச் சிரிப்பு வரும். எங்கள் குட்டி பத்து நிமிஷம் நடந்துவிட்டு, சாக்ஸைக் கழற்றித் தா என்று அழுதது. அந்த சாக்ஸுக்குத் தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள்.

குதித்து வந்தபின் சின்னக் குழந்தை காலை ஊன்ற மாட்டேன் என்றால் கவனிக்கவேண்டும். விழவில்லை, வீக்கம் இல்லை, நீலம் பாயவில்லை என்பதால் ‘சுளுக்காத்தான் இருக்கும்’ என்று தோன்றும். நம் மாவட்டத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆசானிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டு உருவுவார்கள். வர்ம ஆசான்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, எங்கள் வீட்டில் தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் அவர்களிடம்தான் போவோம். ஆனால் விரிசல் விட்ட பிஞ்சு எலும்பை உருவக்கூடாது. முதலில் எக்ஸ்ரே. டாக்டரிடம், குழந்தை விழவில்லை என்றாலும், டிராம்போலினில் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து குதித்தது என்று சொல்லிவிடுங்கள். முதல் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் கண்ணுக்குத் தப்பும் அளவு மெலிதாக இருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் இருந்தால் அவர் சரியான இடத்தில் உற்றுப் பார்ப்பார். சில வாரம் மாவுக்கட்டு, பெரும்பாலும் நன்றாகக் கூடிவிடும்.