தோலின் வரைபடம் – 7: பிறந்த ஊர் எது?

1970-களில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்களுக்கு ஒரு புதுவகை ரத்தப் புற்றுநோய் தென்படத் தொடங்கியது. வந்தவர்கள் எல்லாரும் வயது வந்தவர்கள். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. பலருக்குத் தோலில் தடிப்பும் கட்டியும் இருந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெள்ளை அணுக்களின் உட்கரு மடல் மடலாகப் பிரிந்து பூவைப்போல இருந்தது. தகாஷி உச்சியாமா, கியோஷி தகாட்சுகி முதலியோர் 16 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1977-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இருந்த ஒரு தகவல் பிறகு பல கண்டங்களில் ஆராய்ச்சியைத் திருப்பிவிட்டது. அந்த 16 பேரில் 13 பேர் பிறந்தது தென்மேற்கு ஜப்பானின் கியூஷு தீவில்.

நோய் கண்டறியப்பட்ட இடத்தை மட்டும் எழுதியிருந்தால் இந்த நோய் கியோட்டோவின் கணக்கில் சேர்ந்திருக்கும். பிறந்த ஊரையும் கேட்டு எழுதியதால்தான் கியூஷு வெளியே தெரிந்தது. பிறந்த இடம் ஒன்றாக இருந்து, நோய் பல பத்தாண்டுகள் கழித்து வருகிறது என்றால், நோய்க்குக் காரணமான ஏதோ ஒன்று உடம்புக்குள் நுழைந்தது சிறுவயதிலாக இருக்கவேண்டும்.

அது என்ன என்பதற்கு 1980-ல் அமெரிக்காவில் விடை கிடைத்தது. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ராபர்ட் கேலோவின் ஆய்வகத்தில் பெர்னார்ட் பாய்ஸ், தோல் லிம்போமா (வெள்ளை அணுக்கள் தோலில் பெருகும் புற்றுநோய்) என்று கண்டறியப்பட்டிருந்த ஒரு நோயாளியின் செல்களிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். மனிதரில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் ரெட்ரோவைரஸ் அதுதான். பெயர் எச்.டி.எல்.வி-1. அதே வகையைச் சேர்ந்த எய்ட்ஸ் வைரஸ் கண்ணில் படுவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. அடுத்த ஆண்டே யோரியோ ஹினுமாவின் குழு ஜப்பானிய நோயாளிகளின் ரத்தத்துக்கும் இதே வகை வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. 1982-ல் லண்டனில் டேனியல் கடோவ்ஸ்கி இதே நோயை விவரித்தபோது, அவரிடம் வந்திருந்தவர்கள் கரீபியன் பகுதியிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். இங்கேயும் பிறந்த மண்தான் துப்புக் கொடுத்தது.

தாய்ப்பால், உடலுறவு, ரத்தம் ஆகியவை வழியாக இந்த வைரஸ் பரவுகிறது. இதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை நோயே இல்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதம் பேருக்குத்தான், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து, புற்றுநோய் வருகிறது. ஆனால் வந்தால் மிகக் கொடியது.

கியூஷுவில் உள்ள நாகசாகி மாவட்டம் 1987-ல் கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யத் தொடங்கியது. வைரஸ் இருக்கும் தாய்மார்களிடம் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கச் சொன்னார்கள். பாலூட்டத் துடிக்கும் ஒரு தாயிடம், எப்போதோ அறுபது வயதில் வரக்கூடிய நோய்க்காக இதைக் கேட்பது சாதாரணக் காரியமில்லை. அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் ஒத்துழைத்தார்கள். புட்டிப்பால் குடித்த பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து வைரஸ் தொற்றும் விகிதம் சுமார் 20 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாக இறங்கியது. தோலையும் தாக்கும் இந்த நோயையும் சேர்த்துப் பார்த்தால், தோல் லிம்போமாக்களின் வரலாற்றில் இதற்கு இணையான வெற்றி வேறு இல்லை. 2011 முதல் இந்தப் பரிசோதனை ஜப்பான் முழுவதற்கும் வந்துவிட்டது.

இந்த வெற்றி ஒரு பேராசையையும் கிளப்பியது. மற்ற தோல் லிம்போமாக்களுக்கும் இதே வைரஸ்தான் காரணமோ? அவற்றில் அதிகம் காணப்படுவது மைகோசிஸ் பங்காய்டிஸ். பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ழான்-லூயி அலிபெர் 1806-ல் விவரித்த நோய் இது. தோலில் காளான்போல முளைத்த கட்டிகளைப் பார்த்து அவர்தான் இந்தப் பெயரை வைத்தார். நோயெதிர்ப்பு வேலை பார்க்கவேண்டிய டி செல்களே தோலில் தங்கிப் பெருகுவதால் வருவது. நியூயார்க்கின் டோரதியா ஜுக்கர்-பிராங்க்ளின் 1990-களில் இந்த நோயாளிகளிடம் எச்.டி.எல்.வி-1 மரபணுவின் துணுக்குகள் இருப்பதாக அறிவித்தார். மற்ற பல ஆய்வகங்கள் தேடியபோது அவை அகப்படவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நோயின் காரணம் தெரியாது.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் வரைபடத்தைக் கையில் எடுத்தார்கள். 2015-ல் இவான் லிட்வினோவ், மடலைன் டுவிக் ஆகியோரின் குழு, மைகோசிஸ் பங்காய்டிஸ் அடங்கிய டி செல் தோல் லிம்போமாக்களுக்காக டெக்ஸாஸின் புற்றுநோய்ப் பதிவேடுகளை அலசியது. ஹூஸ்டன் பெருநகரில் ஸ்பிரிங், கேட்டி, மெமோரியல் என்ற மூன்று பகுதிகளில் நோய் எதிர்பார்த்ததைவிட 5 முதல் 20 மடங்கு அதிகமாக இருந்தது. பிறகு கனடாவில், 1992 முதல் 2010 வரையிலான 6,685 நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தபோதும் சில ஊர்களில் நோய் திரண்டு நின்றது. அவற்றில் பல தொழிற்சாலைப் பகுதிகள். ஸ்வீடனின் வேஸ்டர்நோர்லண்ட் மாவட்டத்திலும் இப்படி ஒரு திரட்சி 1970-களிலேயே பேசப்பட்டது.

ஹூஸ்டன் என்றதும் பெட்ரோலிய ஆலைகள் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆலைகள் திரண்டிருப்பது நகரின் கிழக்கே, கப்பல் கால்வாயை ஒட்டி. மெமோரியலும் கேட்டியும் இருப்பது மேற்கே. மெமோரியல் வசதியானவர்கள் வாழும் பகுதி. உலகப் புகழ்பெற்ற எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையமும் ஹூஸ்டனில்தான் இருக்கிறது. 2007-ல் கிறிசியோனும் வைன்ஸ்டாக்கும் அமெரிக்காவின் பல பகுதிகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளைப் பார்த்துச் சொன்னது இங்கே முக்கியம். டாக்டர்கள் அதிகமுள்ள, வருமானமும் படிப்பும் கூடிய இடங்களில்தான் இந்த நோய் அதிகம் பதிவாகிறது. அதாவது வரைபடத்தில் சிவந்து தெரியும் இடத்தில் நோய் அதிகமா, கண்டுபிடிப்பவர்கள் அதிகமா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் ஆலைகளைக் கைகாட்டக் கூடாது. அதே சமயம், கணவன் மனைவி இருவருக்கும் இந்நோய் வந்த சில ஜோடிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. ரத்த உறவு இல்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்து ஒரே அரிய நோயைப் பெறுகிறார்கள் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவேட்டு வரைபடம் பொதுவாக, நோய் உறுதியான நாளில் இருந்த முகவரியில்தான் புள்ளி வைக்கும். தோலில் முதல் படை தோன்றியதற்கும் நோய் உறுதியாவதற்கும் இடையே சராசரியாக மூன்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. நோய்க்கான விதை அதற்கும் எவ்வளவோ முன்பு விழுந்திருக்கலாம். அதற்குள் வேலைக்காக, கல்யாணத்துக்காக, பிள்ளைகளோடு இருப்பதற்காக மனிதர்கள் ஊர் மாறிவிடுகிறார்கள். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு ஓராண்டு இங்கே குடியிருந்தவரைச் சென்னைக்காரராகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மற்றப் புற்றுநோய்களை எண்ணுவதற்கு இது போதும். தோல் லிம்போமாவின் காரணத்தைத் தேடுவதற்குப் போதாது. கியோட்டோ மருத்துவர்கள் செய்ததுபோலப் பிறந்த ஊர், அதோடு படை வந்தபோது இருந்த ஊர், பார்த்த வேலைகள் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும்.

உண்ணிக்கடியும் ஒரு தோல் லிம்போமாவின் வரைபடத்தை மாற்றும். தோலில் வரும் பி செல் லிம்போமா சிலருக்கு பொரெலியா பாக்டீரியாவோடு சேர்ந்து வருகிறது. உண்ணி கடித்துப் பரவும் கிருமி அது. ஆஸ்திரியாவிலும் ஸ்காட்லாந்து மலைப்பகுதியிலும் கட்டித் திசுவில் அதன் மரபணு கிடைத்தது. அமெரிக்க, ஆசிய நோயாளிகளிடம் தேடியவர்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. ஐரோப்பிய உண்ணிகளிடம் இருக்கும் பொரெலியா இனங்கள் வேறு என்பது இதற்கு ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவில் ஆன்டிபயாடிக் கொடுத்ததும் கட்டி கரைந்த நோயாளிகள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் மைகோசிஸ் பங்காய்டிஸ் பல சமயம் வேறு வேஷத்தில் வருகிறது. கருத்த, மாநிறத் தோலில், அதிலும் குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும், மைகோசிஸ் பங்காய்டிஸ் சிவந்த படையாக வராமல் வெளிறிய படையாக வருவது அதிகம். முதுகு, இடுப்பு, தொடை என்று வெயில் படாத இடங்களில் தோன்றும். தேமல் என்று களிம்பு தடவுவார்கள். வெண்புள்ளி என்று பயப்படுவார்கள். உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருப்பதால் அந்தச் சந்தேகமும் எழும், எழத்தான் வேண்டும். தொழுநோய்ப் படையில் பொதுவாக உணர்ச்சி குறைந்திருக்கும். இந்தப் படையில் தொட்டாலும் குத்தினாலும் தெரியும்.

இந்த வெளிறிய வகை பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். நிறுத்தியபின் திரும்பி வருவதும் உண்டு என்பதால் ஆண்டுக்கணக்கில் தோல் மருத்துவரின் பார்வையில் இருக்கவேண்டும். மாதக்கணக்கில் மருந்து தடவியும் போகாத, உணர்ச்சி உள்ள வெளிறிய படைக்குப் பயாப்ஸி எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆரம்ப நிலையில் முதல் பயாப்ஸியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சில மாதம் கழித்து, வேறொரு படையிலிருந்து மறுபடியும் எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம்.

(தொடரும்)