கொலையாளி யாரெனத் தெரிந்த பின்னும்

செராஸ் வட்டாரத்து அடுக்ககங்களில் வெள்ளிக்கிழமை இரவு விளக்குகள் எளிதில் அணைவதில்லை. மறுநாள் பள்ளி இல்லை. பலருக்கு அலுவலகமும் இல்லை. திங்கட்கிழமை காலையில் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியரின் காதில், "எட்டு அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்" என்னும் பேச்சு விழுகிறது. சொல்பவர் முகத்தில் பெருமிதம், கண்ணில் தூக்கமின்மை. ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுதான் நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். பார்க்கலாமா கூடாதா என்னும் விவாதத்துக்குள் இவ்வுரை செல்லவில்லை. ஓர் இரவு முழுவதையும் விலையாகக் கேட்கும் குற்றப்புனைவுத் தொடரில் அவ்விலைக்குத் தகுந்தது எது, தகாதது எது, அதை எவ்வாறு இனங்காண்பது என்பனவே நம் கேள்விகள்.

ஒரே மூச்சில் பார்க்கும் பழக்கம் இணையத்தோடு பிறந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். காலின்ஸ் அகராதி அப்பழக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 2015ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தபோது உலகம் அதைப் புதுமையாகவே கண்டது. ஆனால் வீடியோ நாடா வாடகைக் கடைகள் இருந்த காலத்தைக் கண்ட கோலாலம்பூர்வாசிகளுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அண்டைவீட்டுச் சீனக் குடும்பத்தார் ஹாங்காங் தொடர்களை நாடா நாடாவாக அடுக்கி வாங்கிவந்து விடுமுறை நாளில் பார்த்து முடிப்பார்கள். அதற்கும் முந்திய ஊர்களில் தெருக்கூத்து மாலையில் தொடங்கி விடியலில் முடிந்தது. விடிய விடிய இராமாயணம் கேட்டுவிட்டுச் சீதைக்கு இராமன் சித்தப்பா என்றவனைப் பற்றிய பழமொழியும் நம்மிடம் உண்டு. விழித்திருப்பது வேறு, கதையை வாங்கிக்கொள்வது வேறு என்பதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்.

தொடர் வந்து சேரும் முறையில் மட்டும் பெரிய மாறுதல் ஏற்பட்டது. 1990களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையைக் கண்டவர்கள் ஒவ்வொரு வாரமும் காத்திருந்தனர். குதிரையேறி வரும் கருப்பு யார் என்னும் கேள்வியை 'விடாது கருப்பு' ஏழு நாள் அவர்கள் மனத்தில் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு பகுதியும் ஓர் அதிர்ச்சியில் முடிந்தது. நம் நாட்டில் 1999இல் தொடங்கிப் பல்லாண்டு ஓடிய 'கெராக் காஸ்' வேறு வழியைக் கையாண்டது: பெரும்பாலும் அந்தந்த வாரத்து வழக்கு அந்தந்த வாரமே முடியும்; மறந்தாலும் இழப்பில்லை. 2013 பிப்ரவரியில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் பதின்மூன்று அத்தியாயங்களையும் ஒரே நாளில் வெளியிட்டபோது இவ்விரு முறைகளுக்குமான காரணம் தளர்ந்தது. அடுத்த அத்தியாயம் தானே தொடங்கிவிடும் இடத்தில் முடிவில் அதிர்ச்சி எதற்கு?

இருந்தும் பல தொடர்கள் பழைய அதிர்ச்சியை விடவில்லை. கதவு திறக்கிறது, பார்ப்பவள் அலறுகிறாள், திரை இருள்கிறது. அடுத்த அத்தியாயத்தின் முதல் நிமிடத்தில் அங்கே நின்றது பால்காரர் என்று தெரிகிறது. இத்தகைய தொடர் நம்மைக் கட்டிப்போடுவது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டு, தெரிய வேண்டிய ஒன்றைக் கைக்குள் மறைத்து வைத்திருப்பதால் மட்டுமே நிற்கிறது. கை திறந்ததும் கதை தீர்ந்துவிடும். அதை மறுமுறை பார்ப்பாரில்லை.

வேறொரு வகை நிறுத்தம் நம் கதைமரபிலேயே இருக்கிறது. விக்கிரமாதித்தன் தோளில் கிடக்கும் வேதாளம் ஒவ்வொரு கதையையும் ஒரு கேள்வியோடு நிறுத்துகிறது. 'அடுத்து என்ன நடந்தது?' என்று அது கேட்பதில்லை. நடந்தவை அனைத்தையும் சொல்லிவிட்டு, 'இவர்களுள் யார் செய்தது சரி?' என்று கேட்கிறது. விடை சொன்னதும் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடுகிறது. 2017இல் 'விக்ரம் வேதா' திரைப்படத்தை இயக்கிய புஷ்கர்-காயத்ரி இணையர் அக்கேள்வி முறையையே ஒரு காவலருக்கும் குற்றவாளிக்கும் இடையே வைத்தனர். நல்ல குற்றத்தொடரின் இலக்கணத்தை இங்கிருந்து வகுக்கலாம் என்பது நம் கருத்து: அது செய்தியை மறைத்து இழுக்காது, நம் தீர்ப்பை மாற்றி மாற்றி இழுக்கும்.

அதே இணையர் எழுதி உருவாக்கிய 'சுழல்' 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் எட்டு அத்தியாயங்களாக வெளிவந்தது. பிரம்மா, அனுசரண் முருகையன் ஆகிய இருவரும் இயக்கினர். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஒரே வேளையில் உலகைச் சென்றடைந்த தமிழ்த்தொடர் அது. பிரம்மாவைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு சிறு செய்தி: மாணவன் ஒருவனை அறைந்துவிட்ட ஆசிரியை ஒரே நாளில் படும் பாட்டைச் சொல்லித் தேசிய விருது பெற்ற 'குற்றம் கடிதல்' இவருடைய படமே. திருக்குறள் அதிகாரத்தின் பெயரைத் தாங்கிய அப்படத்திலும் அறை விழுந்த செய்தி தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். யார் குற்றவாளி என்பதே பார்ப்பவர் மனத்தில் புரண்டுகொண்டிருக்கும்.

'சுழல்' தொடரின் களம் சாம்பலூர் என்னும் கற்பனை ஊர். மலையடிவாரத்தில் ஓர் ஆலை. அதன் தொழிற்சங்கத் தலைவர் சண்முகமாகப் பார்த்திபன். காவல் ஆய்வாளர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி. துணை ஆய்வாளர் சக்கரையாகக் கதிர். சண்முகத்தின் மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கும் வேளையில் ஆலை தீப்பற்றி எரிகிறது. சண்முகத்தின் இளைய மகள் நிலாவைக் காணவில்லை. முதல் அத்தியாயம் முடிவதற்குள் நாம் தீர்ப்பெழுதத் தொடங்கிவிடுகிறோம். வேலைநிறுத்தக்காரர்மீது கடுமை காட்டும் ஆய்வாளரை முதலாளியின் ஆள் என்று முடிவு கட்டுகிறோம். பிறகு அவருடைய மகனும் காணாமற்போனவர்களுள் ஒருவன் என்று தெரிகிறது. கடுமை காட்டிய அதே முகத்தில் ஒரு தாயைக் காண்கிறோம். அந்தக் கணத்தில் கதையில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. முன்பே பார்த்த காட்சிகள் நம் நினைவில் இடம் மாறி அமர்கின்றன.

ஒரே மூச்சில் பார்ப்பதன் உண்மைப் பயன் இங்குதான் விளைகிறது. வாரம் ஒன்றாகப் பார்த்திருந்தால் முதல் அத்தியாயத்தில் ஒருவர் வீட்டு வாசலில் தயங்கி நின்ற அரை நொடி, ஏழாம் வாரத்தில் நினைவிருக்காது. ஓர் இரவுக்குள் பார்க்கும்போது அந்த அரை நொடி இன்னும் ஈரமாக இருக்கிறது. திறமான தொடர் அந்த ஈரத்தை நம்பி எழுதப்படுகிறது. 'சுழல்' தொடரை முடிவு தெரிந்தபின் மறுமுறை பார்த்தோம். முதல் பார்வையில் அன்பாகத் தோன்றிய ஒரு செயல் மறுபார்வையில் நடுக்கம் தந்தது. தேடல் ஊருக்கு வெளியே தொடங்கி, வீட்டுக்குள் வந்து நிற்கிறது என்பதற்கு மேல் முடிவைப் பற்றிச் சொல்லமாட்டோம். நிலா இருந்த இடத்தில் அவளைக் கேட்க ஆளிருந்ததா என்பதே அத்தொடர் விட்டுச்செல்லும் கேள்வி.

திருவிழாவின் பங்கையும் குறிப்பிட வேண்டும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசிச் சிவராத்திரியை அடுத்து நடைபெறும் மயானக் கொள்ளையை நம் வாசகர் பலர் அறிவர். சாம்பலூரில் விழாச் சடங்குகள் நாள்தோறும் நகர, விசாரணையும் உடன் நகர்கிறது. கடிகாரம் காட்டாமலே காலம் காட்டும் உத்தி இது. குறையும் இல்லாமல் இல்லை. இடையிலுள்ள அத்தியாயங்களில் ஐயத்துக்குரியோர் தொகை அளவுக்கு மீறிப் பெருகுகிறது. ஒருவரைச் சந்தேகிக்க வைப்பதற்கென்றே சில காட்சிகள் வந்து போகின்றன. பால்காரர் வகையைச் சேர்ந்தவை அவை. 2025 பிப்ரவரி 28 அன்று வந்த இரண்டாம் பருவம் இதையே தலைகீழாக்கிப் பார்த்தது: கொலையைச் செய்தது நானே என்று எட்டு இளம்பெண்கள் தனித்தனியே சரணடைகின்றனர்.

முடிவு தெரிந்தபின் கதை நிற்குமா என்று ஐயுறுவோர் சிலப்பதிகாரத்தை எண்ணிப் பார்க்கலாம். பதிகத்திலேயே கதை முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது. கோவலன் கொலையுண்பான், பாண்டியன் உயிர் துறப்பான், மதுரை எரியும். அனைத்தும் முன்பே தெரியும். சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பதும் நமக்குத் தெரிந்ததே. ஆயினும் வழக்குரை காதையில் சிலம்பு உடையும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல் என்பது இன்றைய துப்பறியும் தொடர் எதற்கும் சளைக்காத தடயம். அத்தடயம் கொலையாளியைக் கண்டுபிடிக்க உதவவில்லை. விசாரிக்காமல் தீர்ப்பளித்த மன்னனை அவனுக்கே காட்டிக்கொடுத்தது. இதைப் பாடமாக நடத்தும் ஆசிரியருக்கு நல்ல குற்றத்தொடரின் அளவுகோல் புத்தகத்திலேயே கிடைத்துவிட்டது என்போம்.

விசாரிக்காத தீர்ப்பை மையமாகவே கொண்டது 2022 டிசம்பர் 2 அன்று வெளிவந்த 'வதந்தி'. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கிய இத்தொடரில் கன்னியாகுமரி வட்டாரத்தில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் இளம்பெண் ஒருத்தியின் உடல் கிடக்கிறது. புகழ்பெற்ற நடிகை இறந்துவிட்டார் என்னும் செய்தி முதலில் பரவுகிறது. அதுவே முதல் வதந்தி. இறந்தவள் வெலோனி என்னும் ஆங்கிலோ-இந்தியப் பெண். தங்கும் விடுதி நடத்தும் தாயாக லைலா. வழக்கை விடமுடியாத துணை ஆய்வாளராக எஸ்.ஜே.சூர்யா. ஒவ்வொருவரும் தத்தம் வெலோனியைச் சொல்கின்றனர். ஒருவர் சொல்லில் அவள் வெகுளி, இன்னொருவர் சொல்லில் தந்திரக்காரி. அவரவர் சொல்லுக்கேற்ப அவளை நாமும் பார்க்கிறோம். அதற்குச் சில அத்தியாயங்களுக்குப் பின் வெட்கப்படுகிறோம். அவள் தன் கதையைத் தானே சொல்ல இயலாதவள் என்பதைத் தொடர் முழுவதும் நாம் மறக்க நேர்வதுதான் அத்தொடரின் வலிமை. துணை ஆய்வாளரின் குடும்ப வாழ்க்கைக் காட்சிகள் நீளம் என்று சிலர் குறைகூறினர். அதில் ஓரளவு உண்மையுண்டு.

இத்தொடரைப் பார்த்தபின் எங்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நாங்கள் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் நான்காம் படிவ மாணவி இரண்டு வாரம் வரவில்லை. ஆசிரியர் அறையில் மூன்று கதைகள் உலவின. மூன்றிலும் ஒரு பையன் இருந்தான். நாங்களும் அவற்றுள் ஒன்றை நம்பினோம்; இன்னொருவரிடம் சொல்லவும் செய்தோம். பிறகுதான் தெரிந்தது: தாய் மருத்துவமனையில் இருந்தார், தம்பிமார் இருவருக்கும் சமைத்துப்போட வேறு ஆளில்லை. அவள் வீடு பள்ளியிலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான். திரும்பி வந்த முதல்நாள் அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதைகள் அவள் காதுக்கும் போயிருந்தன.

நம் மண்ணில் இத்தகைய தொடருக்குக் களமில்லை என்று சொல்ல முடியாது. 2015இல் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' திரைப்படம் அதைக் காட்டியது. தீயவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல் நம் பேச்சில் திரிந்து வழங்கும் வடிவமே அதன் தலைப்பு. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவன் மெல்ல மெல்ல அச்சொல்லுக்குள் தள்ளப்படுவதே கதை. யார் செய்தது என்னும் புதிர் அதில் இல்லை. எப்படி நேர்ந்தது என்று மட்டும் பார்த்துக்கொண்டே போகிறோம். அப்படம் தொட்டுவிட்டுச் சென்றதை எட்டு மணி நேரத் தொடர் ஒன்று நின்று பார்க்கலாம். புறம்போக்குக் குடியிருப்பிலிருந்து செராஸ் அடுக்ககத்துக்கு வந்த பாட்டி, காஜாங் தொடருந்தில் வேலைக்குப் போகும் மகள், கானோட் தோட்டத்துப் புதன்கிழமை இரவுச் சந்தையில் கடைபோடும் பேரன்: ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பாத ஒரு வீடு போதும். அங்கே தமிழும் மலாயும் சீனமும் கலந்து வரும் வாக்குமூலங்களை எழுதவல்ல ஓர் எழுத்தாளர் வேண்டும்.

மேற்சொன்ன தொடர்கள் சிறுவருக்கு உரியன அல்ல. ஆதலால் பள்ளி வகுப்பில் நாங்கள் அவற்றைப் பயன்படுத்தியதில்லை. ஆசிரியப் பயிற்சி மாணவர் சிலரிடம் மட்டும் ஒரு பயிற்சியைச் செய்து பார்த்தோம். 'வதந்தி' தொடரை ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஐந்து நிமிடம் நிறுத்தி, வெலோனி எப்படிப்பட்டவள் என்று ஒரே ஒரு வரி மைப்பேனாவால் எழுத வேண்டும். எழுதியதை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. எட்டு வரிகளையும் இறுதியில் வரிசையாகப் படித்தால், கதை எழுதியவரின் திறமும் படித்தவரின் மனமும் ஒருங்கே தெரியும் என்பது திட்டம். பெரும்பாலோர் அவ்வாறே செய்தனர். ஒரு மாணவியின் தாளில் மட்டும் மூன்றாம் வரி மேல் கனமாக மை பூசப்பட்டிருந்தது. விதியை மீறியது ஏன் என்று கேட்டோம். "அதை மட்டும் கேட்காதீர்கள் ஐயா" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.