மெட்ராஸில் பிறந்த பீட்டில்ஸ்காரர்

கடலூர், சிதம்பரம் பக்கம் ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில் திடல்களில் மெல்லிசைக் கச்சேரிகள் களைகட்டும். பாடகர்களை வரிசையாகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். பின்னால் உட்கார்ந்து ட்ரம்ஸ் வாசிக்கிறவர் பெயர் கடைசியில் வரும். சில ஊரில் வராமலே போய்விடும். மறு வருஷம் அதே குழு அதே திடலுக்கு வரும்போது அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். பழையவர் எங்கே என்று கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

ஒரே ஒரு ட்ரம்ஸ்காரர் விஷயத்தில் மட்டும் அறுபது வருஷத்துக்கு மேலாக உலகம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர் பீட் பெஸ்ட். பீட்டில்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு கடைக்கு வருவதற்கு ஏழே வாரம் இருக்கும்போது வெளியே அனுப்பப்பட்டவர். அவர் பிறந்த ஊர் நம் மெட்ராஸ். பிறந்த நாள் 1941 நவம்பர் 24.

அவருடைய அம்மா மோனா 1924இல் டெல்லியில் பிறந்தவர். பீட்டின் தகப்பனார் கப்பல் இன்ஜினியர். இரண்டாம் உலகப் போரில் இறந்துபோனார். பிறகு மோனா, இங்கே பணியில் இருந்த ஜான் பெஸ்ட் என்ற ராணுவ அதிகாரியை மணந்துகொண்டார். 1945இல் ராணுவத்தாரை ஏற்றிச் சென்ற 'ஜார்ஜிக்' கப்பலில் குடும்பம் லிவர்பூலுக்குப் போனது. பீட்டுக்கு அப்போது நான்கு வயது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் மோனாதான். 1954இல் இங்கிலாந்தின் டெர்பி குதிரைப் பந்தயத்தில் 'நெவர் ஸே டை' என்ற குதிரை ஓடியது. ஒன்றுக்கு முப்பத்து மூன்று கிடைக்கும் குதிரை; அதாவது, ஜெயிக்கும் என்று யாரும் நம்பாத குதிரை. மோனா தன் நகைகளை அடகு வைத்து அதன் மேல் பணம் கட்டினார், அது ஜெயித்தது, அந்தப் பணத்தில்தான் ஹேமன்ஸ் கிரீன் தெருவில் பதினைந்து அறைகள் கொண்ட பழைய வீட்டை வாங்கினார் என்று குடும்பத்தார் சொல்வார்கள். அந்த வீட்டின் நிலவறையில் 1959 ஆகஸ்ட் 29 அன்று 'கேஸ்பா' என்ற காபி கிளப்பைத் திறந்தார். பக்கத்துப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஓர் இடம். முதல் நாள் வாசித்தது குவாரிமென் என்ற குழு. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் மூவரும் அதில் இருந்தார்கள். கிளப் திறப்பதற்கு முன் சுவருக்கும் கூரைக்கும் வர்ணம் பூசியதும் அந்தப் பையன்கள்தான்.

பின்னாளில் பீட்டில்ஸ் ஆன அந்தக் குழுவுக்குக் கிதார்காரர்கள் இருந்தார்கள். நிலையான ட்ரம்ஸ்காரர் இல்லை. டாமி மூர் என்று ஒருவர் சில வாரம் வாசித்துவிட்டு, பாட்டில் தொழிற்சாலை வேலைக்கே திரும்பிப் போனார். 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து வாய்ப்பு வந்தபோது, மோனாவின் மகனிடம் புது ட்ரம்ஸ் செட் இருப்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. பீட் சேர்ந்தார், சில நாளில் வண்டி ஏறினார்கள்.

ஹாம்பர்க்கில் வார நாளில் நாலரை மணி நேரம், வாரக் கடைசியில் ஆறு மணி நேரம் மேடையில் நின்றார்கள். விடிய விடியக் கச்சேரி செய்கிறவர்களுக்கு அந்த உழைப்பு புரியும். குடித்துவிட்டுக் கூச்சல் போடும் கூட்டத்தை உட்கார வைக்க பீட் காலால் பெரிய ட்ரம்மை விடாமல் அடித்தார். அந்தக் கனமான அடிக்காகவே லிவர்பூலில் பேர் வாங்கினார். ஊர் திரும்பிய பிறகு கச்சேரி பிடித்துக் கொடுத்தவர்களில் மோனா முக்கியமானவர். பிரையன் எப்ஸ்டீன் மேலாளராக வரும்வரை கச்சேரிக் கணக்கையும் தேதியையும் பெரும்பாலும் பீட்தான் பார்த்துக்கொண்டார். குழுவின் வண்டியை ஓட்டிய நீல் ஆஸ்பினால் பீட்டின் நெருங்கிய நண்பர். அந்த வீட்டிலேயே தங்கியிருந்தவர்.

இவ்வளவு செய்தவரை ஏன் மாற்றினார்கள்?

மேடை வேறு, ஸ்டூடியோ வேறு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். திடலில் பாடகர் உற்சாகத்தில் வேகம் கூட்டினால் ட்ரம்ஸ்காரரும் கூடவே ஓடுவார். கூட்டத்தின் விசிலில் அது தெரியாது. மைக்குக்கு முன்னால் எல்லாம் தெரிந்துவிடும். சிதம்பரத்தில் 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரியில் மிருதங்கம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், விரல் வேகம் பிறகு, காலப்பிரமாணம் முதலில் என்று. எடுத்த வேகம் கடைசிவரை நிற்க வேண்டும். 1961இல் ஹாம்பர்க்கில் டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னணியாக வாசித்தபோதே இந்தப் பிரச்சினை தலைகாட்டியது. தயாரிப்பாளர் பெர்ட் கெம்ப்பர்ட், பீட் பெரிய ட்ரம்மைத் தொடாமல் வாசிக்கும்படி செய்துவிட்டார்.

1962 ஜூன் 6 அன்று லண்டனில் இ.எம்.ஐ.யின் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. அங்கிருந்த தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பீட்டின் வாசிப்பில் திருப்தி இல்லை என்றார். இசைத்தட்டுக்கு ஸ்டூடியோ ஆளை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்றைய இங்கிலாந்தில் இது சாதாரண வழக்கம். மேடையில் யார் வாசித்தாலும் அவருக்குக் கவலை இல்லை. பீட்டைக் குழுவிலிருந்தே அனுப்பும்படி தான் சொல்லவில்லை என்று மார்ட்டின் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார். மோனா தொலைபேசியில் கேட்டபோது அவரிடமும் அதையே சொன்னார்.

அன்று பதிவான 'லவ் மீ டூ' பாட்டை இப்போதும் கேட்கலாம். 1995இல் வந்த 'ஆந்தாலஜி 1' தொகுப்பில் இருக்கிறது. நடுப்பகுதிக்கு வரும்போது பீட் திடீரென்று தாள நடையை மாற்றுகிறார். பாட்டு தள்ளாடுகிறது, திரும்பப் பழைய நடைக்கு வருவதற்குள் வேகம் இடறிவிடுகிறது. அது அவருக்கு மேடையில் கைதட்டல் வாங்கித் தந்த உத்தியாக இருந்திருக்கலாம். ஒலிப்பதிவில் காது அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அதே பாட்டை செப்டம்பர் 4 அன்று ரிங்கோ ஸ்டார் வாசித்தார். செப்டம்பர் 11 அன்று மூன்றாவதாக ஆண்டி ஒயிட் என்ற ஸ்டூடியோ கலைஞர் வாசித்தார். அக்டோபர் 5 அன்று முதலில் கடைக்கு வந்த தட்டில் இருப்பது ரிங்கோவின் கை. மறு வருஷம் வந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பத்தில் இருப்பது ஆண்டி ஒயிட்டின் கை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஜால்ராக்கள் கோத்த டாம்பரின் சத்தம் கேட்டால் அது ஆண்டி ஒயிட் வாசித்தது. அந்த டாம்பரினை ஆட்டியவர் ரிங்கோ.

பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம் இதுதான். பீட்டின் இடத்துக்கு வந்த ரிங்கோவின் வாசிப்பும் முதல் தடவை ஸ்டூடியோவில் தேறவில்லை. புது ஆளின் கையில் டாம்பரினைக் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார்கள். அந்த அவமானம் அவரை வெகுகாலம் உறுத்தியது. ஆனாலும் அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. மற்ற மூவரும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே மார்ட்டினின் தீர்ப்பு மட்டுமே காரணம் என்று நான் ஏற்கவில்லை. வெகுநாளாக மனசில் இருந்த ஒன்றைச் செய்து முடிக்க அந்தத் தீர்ப்பு அவர்களுக்குச் சாக்காக அமைந்தது.

மனசில் இருந்தது என்ன? ரிங்கோ அவர்களுக்கு அந்நியர் இல்லை. ஹாம்பர்க்கில் ரோரி ஸ்டார்ம் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர். பீட்டுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் மாற்றாக வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் வாசித்த இரவுகளில் குழு தன்னையறியாமல் இறுகி ஒன்றாக நின்றதை மூவரும் உணர்ந்தார்கள். பீட்டோ அதிகம் பேசாதவர். கச்சேரி முடிந்ததும் தனியே போய்விடுவார். மற்றவர்கள் விடிய விடியத் தூங்காமல் இருக்க மாத்திரை போட்டார்கள்; அவர் தொடவில்லை. மற்றவர்கள் முன்னால் சீவி விழும் புதுத் தலைமுடிக்கு மாறினார்கள்; அவர் பழைய சீவலிலேயே இருந்தார். இரண்டு வருஷம் ஒரே வண்டியில் போய் வந்தும் அவர் நான்காவது ஆளாகவே இருந்தார்.

பெண் ரசிகைகள் பீட்டின் அழகில் மயங்கினார்கள், அதில் மற்றவர்களுக்குப் பொறாமை என்பது லிவர்பூலில் இன்றும் சொல்லப்படும் காரணம். ரசிகைகள் மயங்கியது உண்மை. ஆனால் பொறாமைதான் காரணம் என்றால் 1961லேயே அனுப்பியிருப்பார்கள். மோனாவின் அதிகாரம் எப்ஸ்டீனுக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு பேச்சு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். எப்ஸ்டீன் தானாக முடிவெடுத்தார் என்பதை மட்டும் நான் நம்பமாட்டேன். முடிவு அந்த மூன்று இளைஞர்களுடையது.

முடிவை நிறைவேற்றிய விதத்தில்தான் என் மனம் ஆறவில்லை. 1962 ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை காலை, எப்ஸ்டீன் பீட்டைத் தன் இசைத்தட்டுக் கடை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். நீல்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். பையன்களுக்கு நீ வேண்டாமாம், ரிங்கோ வருகிறார் என்ற செய்தியை மேலாளர் சொன்னார். ஜான் அங்கே இல்லை, பால் இல்லை, ஜார்ஜ் இல்லை. ரிங்கோ வரும்வரை மிச்சக் கச்சேரிகளுக்கு வாசிக்க முடியுமா என்றுகூட எப்ஸ்டீன் கேட்டார். பீட் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு போகவில்லை. அன்றிரவு வேறொரு குழுவின் ஜானி ஹட்சின்சன் வந்து வாசித்தார். நீல் தானும் விலகுகிறேன் என்றார். பீட் அவரைத் தடுத்தார்: குழு பெரிய இடத்துக்குப் போகப்போகிறது, நீ இரு என்றார். நீல் இருந்தார், பின்னாளில் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்கே தலைமை வகித்தார். வேலை போன அன்று நண்பனின் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதரை மந்தமானவர் என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ரசிகர்கள் சும்மா விடவில்லை. லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் ஜார்ஜின் கண்ணில் குத்து விழுந்து வீங்கியது. ஆகஸ்ட் 22 அன்று கிரனாடா தொலைக்காட்சி அங்கே எடுத்த படத்தில், பாட்டு முடியும்போது பீட் வேண்டும் என்று ஒரு குரல் கத்துவது பதிவாகியிருக்கிறது. தாங்கள் கோழைகளாக நடந்துகொண்டதை ஜான் லெனன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் அதைப் பீட்டிடம் நேரில் சொல்லவில்லை. அதன் பிறகு அவர்கள் தன்னோடு பேசவே இல்லை என்று பீட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இசைக்கு அந்த மாற்றம் நல்லதாகவே முடிந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ரிங்கோ இடதுகைக்காரர், வலதுகைக்காரருக்கான செட்டில் உட்கார்ந்து வாசித்ததால் அவருடைய உருட்டுகள் யாருடையதைப் போலவும் இருக்காது. பீட்டில்ஸின் ஒலிப்பதிவு நாடாக்களைத் துருவிக் கேட்ட மார்க் லூயிசன், ரிங்கோவின் தவறால் நின்றுபோன பதிவுகள் மிக மிக அபூர்வம் என்கிறார்.

பீட் சில குழுக்களில் வாசித்துப் பார்த்தார், எடுபடவில்லை. அறுபதுகளின் நடுவில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அம்மாவும் தம்பியும் காப்பாற்றினார்கள். பேக்கரியில் ரொட்டி ஏற்றும் வேலை பார்த்தார். பிறகு லிவர்பூலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து, வேலை இழந்து வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதில் சுமார் இருபது வருஷம் கழித்தார். 1995இல் 'ஆந்தாலஜி 1' வந்தபோது அதில் அவர் வாசித்த பத்துப் பதிவுகள் இருந்தன. முதல்முறையாகப் பெரிய தொகை அவர் கைக்கு வந்தது. அந்த ஆல்பத்தின் அட்டையில் பழைய குழுப் படத்திலிருந்த பீட்டின் முகத்தைக் கிழித்து எடுத்துவிட்டு, ரிங்கோவின் முகத்தை வைத்திருந்தார்கள். 2008இல் பீட் வெளியிட்ட 'ஹேமன்ஸ் கிரீன்' ஆல்பத்தின் அட்டையில், கிழித்தெடுத்த அந்தத் துண்டையே வைத்தார். நகையை அடகு வைத்து எல்லாவற்றையும் தொடங்கி வைத்த மோனா இதில் எதையும் பார்க்கவில்லை, 1988இல் காலமாகிவிட்டார்.

நம் பக்கத்திலும் ஆளை மாற்றுவது புதிது கிடையாது. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தேருக்கும் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'ஸ்பெஷல் தவில்' என்றால் என்னவென்று தெரியும். செட்டில் தவில்காரர் இருக்கும்போதே, நோட்டீஸில் பெயர் போட்டு வெளியூர் வித்வானை அழைப்பார்கள். இதில் ஒளிவு மறைவு இல்லை. செட்டின் தவில்காரரும் அதே மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார். மெல்லிசைக் குழுக்களில் அப்படி ஒரு முறை வரவில்லை. இங்கே கச்சேரிக்குக் கூப்பிடாமலே விட்டுவிடுகிறார்கள். போன் எடுப்பதில்லை. சீஸன் தொடங்கிப் பத்து நாள் கழித்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அந்த மனிதர் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார். போன வருஷத்து பாக்கியும் நின்றுபோகிறது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் குழு நடத்துகிற அண்ணன்மார்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ட்ரம்ஸ்காரரின் காலப்பிரமாணம் நிற்கவில்லை என்றால் மாற்றுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் ஆடி அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே அவர் வீட்டுக்கு நீங்களே போய், காரணத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள். தர வேண்டிய பாக்கியை அன்றே கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.