எந்த நாள், எந்த நிமிடம், என்ன சொல்?

மலேசியாவில், கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் கிராணியாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கடிதம் எழுதித் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். பிறப்புப் பத்திரம், குடியுரிமை, நில விவகாரம் என்று பலதும் இருக்கும். சில வருஷங்களாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "நம்ம சாமியைக் கேலி பண்ணிட்டாங்க ஐயா, ஒரு புகார் எழுதணும்."

2025 மார்ச் தொடக்கத்தில் அப்படித்தான் ஒரு தம்பி, ஜாலான் தெங்கு கெலானாவில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடைக்கு என்னைத் தேடி வந்தான். ஏரா எஃப்எம் வானொலி அறிவிப்பாளர்கள் "வேல் வேல்" என்று சொல்லி, காவடியாட்டத்தைப்போல ஆடிச் சிரித்த வீடியோ அப்போது எல்லாருடைய கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி தான் எழுதியதை வாட்ஸ்அப்பில் காட்டினான். வரிக்கு வரி ஆச்சரியக்குறி. எந்த நிலையம், எந்த நாள், அந்த வீடியோவில் என்ன நடந்தது என்பது எங்கேயும் இல்லை. கடைசிப் பத்தியில் ஓர் இனத்தையே திட்டியிருந்தான்.

அவனுடைய கொதிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. "அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டு மூணு வருஷம் காவடி எடுத்தேன் ஐயா. பத்துமலையில 272 படி. அதைப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்றான். சொல்லும்போதே குரல் கம்மியது.

"இதைத்தான் எழுதணும் தம்பி. நீ எழுதினதுல இது எங்கே?" என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து மலாயில் மறுபடி எழுதினோம். அரசாங்கத்துக்குப் போகும் மலாய்க் கடிதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. "துவான்" என்று விளித்து, அதற்குக் கீழே பொருளைப் பெரிய எழுத்தில் ஒரே வரியில் போட வேண்டும். முதல் பத்திக்கு எண் கிடையாது. அடுத்த பத்தியிலிருந்து 2, 3 என்று எண் வரும். பதில் எழுதுகிறவர் "உங்கள் 3-ஆம் பத்தி" என்று குறிப்பிட்டே ஆகவேண்டிய நிலையை அந்த எண் உண்டாக்கிவிடும். முதல் பத்தியில் நிலையம், நாள், எந்தப் பக்கத்தில் பார்த்தோம் என்ற விவரம். அடுத்ததில் அவர்கள் சொன்ன சொல், செய்த அசைவு, வினாடிக் கணக்கோடு. "கேவலமான", "அயோக்கியத்தனமான" போன்ற சொற்களை நான் ஒவ்வொன்றாக அடித்தேன். நடந்ததை உள்ளபடி எழுதினாலே அது கேவலம் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

3-ஆம் பத்திக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்தது. காவடி என்றால் என்ன? 2020 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் இந்துக்கள் 6.1 விழுக்காடுதான். கடிதத்தைப் பிரிக்கிற அதிகாரி ஒரு தைப்பூசத்துக்கும் போகாதவராக இருக்கலாம். அவருக்கு அது வெறும் ஆட்டம். நேர்த்திக்கடன், விரதம், அம்மாவின் ஆபரேஷன் எல்லாவற்றையும் நான்கே வரியில் தம்பியே சொன்னான், நான் மலாயில் எழுதினேன். கடைசியாக, நமக்கு என்ன வேண்டும் என்பது: பகிரங்க மன்னிப்பு, அதே பக்கத்தில் விளக்கம், எழுத்துப்பூர்வமான பதில். எதைக் கேட்கிறோம் என்று சொல்லாத புகாருக்கு "கவனத்தில் கொள்கிறோம்" என்றுதான் பதில் வரும். அந்த இரண்டு வரிப் பதிலை என் வாழ்நாளில் பல முறை வாங்கியிருக்கிறேன்.

அறிவிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நிலையத்தின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தப்போவதாக நோட்டீஸ் கொடுத்தது. பிறகு, உரிமம் வைத்திருந்த நிறுவனத்துக்கு இரண்டரை லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. எங்கள் கடிதம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் போலீஸ் ரிப்போர்ட்டுகள் செய்யப்பட்டிருந்தன.

அத்தாட்சி எவ்வளவு முக்கியம் என்பதை 2016-இல் பார்த்தோம். யூடிஎம் பல்கலைக்கழகத்தின் பாடக் குறிப்பில், உடம்பில் அழுக்கோடு இருப்பதை இந்துக்கள் மோட்சத்துக்கு வழியாகக் கருதினார்கள் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கங்களின் படம் வெளியே வந்தது. துணைக் கல்வியமைச்சராக இருந்த ப. கமலநாதன் பல்கலைக்கழகத்தாரிடம் பேசினார், பாடத்தைத் திருத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். படம் இல்லாமல், "அப்படிச் சொல்லித் தருகிறார்களாம்" என்று மட்டும் போயிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

'இந்தர்லோக்' விவகாரம் இன்னும் சிக்கலானது. அப்துல்லா ஹுசைனின் 1971 நாவல் 2011-இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடமானது. இங்கு வந்த தமிழர்களைப் பற்றி அது எழுதிய விதமும் அதிலிருந்த ஒரு சாதிச் சொல்லும் நம்மைக் காயப்படுத்தின. சிலர் புத்தகத்தை எரித்தார்கள், அது நமக்கு நன்மை செய்யவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். வேறு சிலர் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டு போய்ப் பேசினார்கள். குழு அமைத்துத் திருத்தப் பார்த்து, கடைசியில் 2011 டிசம்பரில் அதைப் பாடத்திலிருந்து எடுப்பதாக அறிவித்தார்கள். அப்போது நம்மில் சிலர் "எங்களிடம் சாதியே இல்லை" என்று எழுதினார்கள். அது பொய். பொய் ஒரு வரி இருந்தாலும் மீதி ஒன்பது வரி உண்மையும் அதோடு போய்விடும். நம்மைப் பற்றிய நியாயமான விமர்சனத்தை அவமதிப்பு என்று எழுதக் கூடாது. அப்படி எழுதக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எங்கே அனுப்புவது என்று கேட்கிறார்கள். முதலில் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு. வானொலி, தொலைக்காட்சி, இணையம் என்றால் ஆணையத்துக்கும் 2001-இல் அமைந்த உள்ளடக்க மன்றத்துக்கும். பாடநூலானால் கல்வி அமைச்சுக்கு. கடிதத்தின் அடியில் "சாலினான் கெப்பாடா" (நகல் பெறுபவர்) என்று எழுதி மலேசிய இந்து சங்கத்துக்கும் ஒரு நகல். வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்திப் பேசுவதைத் தண்டனைச் சட்டத்தின் 298-ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. அதற்கு வழி போலீஸ் ரிப்போர்ட். கடிதத்தில் அதைச் சொல்லி மிரட்ட வேண்டாம்.

இன்னொருவருடைய மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் தவறாக எழுதாதீர்கள். உங்கள் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். எழுதுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வீடியோவையும் பக்கத்தின் படத்தையும் மட்டும் இன்றைக்கே தேதியோடு சேமித்து வையுங்கள். சத்தம் கிளம்பியதும் முதலில் காணாமல் போவது அதுதான்.